தாயின் உயிருக்குக் கணக்கு

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது நம்மவர் வழக்கு. பேறுகாலம் நலமாய் முடிந்த வீட்டில், "செத்துப் பிழைத்தாள்" என்று சொல்லாத பாட்டி இல்லை. அச்சொல்லில் பெண்ணின் துன்பத்தை உணர்ந்த பரிவு உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதே சொல்லுக்குள் மற்றொரு பொருளும் ஒளிந்து கிடக்கின்றது. மறுபிறப்பு வாய்த்தால் தெய்வத்தின் அருள்; வாய்க்காவிட்டால் அவள் தலையெழுத்து. அருளுக்கும் தலையெழுத்துக்கும் இடையே மனிதர் எவரும் பதில் சொல்லவேண்டிய இடமே இல்லாமற் போய்விடுகின்றது.

பேறுகாலத்தில் ஒரு பெண் இறந்தாள் என்று கேள்விப்பட்டால் உலகம் முதலில் கேட்பது, "குழந்தை பிழைத்ததா?" என்பதே. அதன்பின், "அவள் விதி அவ்வளவுதான்" என்ற ஆறுதல் மொழி வரும். எத்தனை மணிக்கு வலி கண்டது, எப்போது வண்டி வந்தது, எத்தனை வாயில்களில் நின்றாள், இரத்தம் கிடைத்ததா என்ற கேள்விகள் எழுவதில்லை. சாவு வீட்டில் அவற்றைக் கேட்பது பண்பன்று என்பது உண்மையே. ஆனால் சாவு வீட்டில் கேட்கலாகாத கேள்வியைப் பின்னர் எங்கும், எவரும், ஒருகாலும் கேட்காமலே விட்டுவிடுவது முறையாகுமா?

பேறுகாலச் சாவுக்குரிய காரணங்கள் மருத்துவ உலகம் அறியாத மறைபொருள்கள் அல்ல. பிள்ளை பிறந்தபின் நிற்காத உதிரப்போக்கு, இரத்த அழுத்தம் ஏறி வலிப்பில் முடிதல், கிருமி தொற்றிக் காய்ச்சல் காணுதல், பிள்ளை வெளிவர வழியின்றித் தடைப்படுதல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் ஊசி, வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட்டு, கிருமியை ஒழிக்கும் மருந்து, உரிய வேளையில் அறுவைச் சிகிச்சை, ஏற்றுவதற்கு இரத்தம் ஆகிய இவை இருந்தால் பெரும்பாலான தாய்மாரைக் காப்பாற்றிவிடலாம். இம்மருந்துகள் கிடைத்தற்கரியவையும் அல்ல. குறைவாக இருப்பது காலம் ஒன்றே.

1994ஆம் ஆண்டில் தாடியஸ், மெய்ன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் இதனை மூன்று தாமதங்களாக வகுத்துக் காட்டினர். மருத்துவம் நாடவேண்டும் என்று வீட்டார் முடிவு செய்வதில் தாமதம் முதலாவது. மருத்துவமனையைச் சென்றடைவதில் தாமதம் இரண்டாவது. சென்றடைந்தபின் உரிய சிகிச்சை தொடங்குவதில் தாமதம் மூன்றாவது. இந்த வகுப்பை நோக்கினால் ஒன்று விளங்கும். முதல் தாமதத்துக்குக் குடும்பம் பதில் சொல்லவேண்டும். இரண்டாவதற்குச் சாலையும் வண்டியும் அமைக்கும் அரசாங்கம் பதில் சொல்லவேண்டும். மூன்றாவதற்கு மருத்துவமனையும் அதனை நடத்துவோரும் பதில் சொல்லவேண்டும். இவை மூன்றும் போக, விதியின் தலையில் சுமத்துவதற்கு எஞ்சுவது சிறிதளவே.

நாடு இத்துறையில் முன்னேறவில்லை என்று எவரும் சொல்லமுடியாது. அரசாங்கத்தின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, 2001-03ஆம் ஆண்டுகளில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் இலட்சம் குழந்தைகளுக்கும் 301 தாய்மார் இறந்தனர். 2018-20ஆம் ஆண்டுகளில் அத்தொகை 97ஆகக் குறைந்தது. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் 54, நாம் வாழும் மஹாராஷ்டிரத்தில் 33, கேரளத்தில் 19. இருபது ஆண்டுக்குள் இவ்வளவு குறைந்ததென்றால், முன்பு இறந்த அத்தனை பேரும் விதியினால் இறந்தவர் அல்லர் என்பது தெளிவன்றோ? விதி இருபது ஆண்டில் மனம் மாறிவிடவில்லை. மனிதர் செய்யவேண்டியதைச் செய்தனர், அவ்வளவே. கேரளத்தில் இயன்றது பிற இடங்களில் ஏன் இயலவில்லை என்று கேட்கும் உரிமையும் இக்கணக்கிலிருந்தே பிறக்கின்றது.

இந்த உரிமைப் பேச்சு நாம் குடியேறி வாழும் இந்நகருக்குப் புதிதன்று. பேறுகாலத்தில் வேலைக்குச் செல்லாத தொழிலாளிப் பெண்ணுக்கு உதவிப் பணம் தரவேண்டும் என்ற சட்டத்தை இந்திய மண்ணில் முதலில் இயற்றியது அந்நாளைய பம்பாய் மாகாணமே. 1928ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் டாக்டர் அம்பேத்கர் அம்மசோதாவை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உரியது என்பது அவர் வாதம். 1929இல் அது சட்டமாயிற்று. சென்னை மாகாணம் 1934இல் அவ்வழியைப் பின்பற்றியது. நாடு முழுவதற்குமான சட்டம் 1961இல் வந்தது. 2017இல் திருத்தப்பெற்று, ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமாயிற்று.

ஆனால் அவ்வுரிமை வேலைக்கு வைத்தவர் பெயர் எழுதப்பட்ட பதிவேட்டில் இடம்பெற்றிருக்கும் பெண்ணையே பெரிதும் காக்கும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அலுவலகம் செல்லும் நம் பெண்களுக்கு அது பயன்படுகின்றது. தாராவியில் விடியுமுன் எழுந்து மாவரைத்து இட்லி அவிக்கும் பெண்ணுக்கு முதலாளி யார்? நாலு வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டில் உள்ளது? இத்தகையோரையும் கருதியே 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிற சட்டங்களின்படி உதவி பெறாத கருவுற்ற பெண்ணுக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகை உண்டு என்று விதித்தது. 2017இல் நடைமுறைக்கு வந்த திட்டமோ முதற்குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாய் என்று சுருங்கியது. இரண்டாவது பெண் குழந்தையாயின் உதவி உண்டு என்பது 2022இல் சேர்க்கப்பட்டது. சட்டம் கொடுத்ததைத் திட்டம் எவ்வாறு குறைக்கலாம் என்பது கேட்கவேண்டிய கேள்வியே.

பணத்தைக் காட்டிலும் பெரிது உயிர். அதனைப் பற்றி எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவேண்டியுள்ளது.

எங்கள் தம்பியின் மனைவி நாங்குநேரிப் பக்கத்தவள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்தது. இரண்டாவது முறை கருவுற்றபோதும் ஊருக்குச் சென்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து, தமிழ்நாட்டு அரசாங்கம் கருவுற்றவர்க்குத் தரும் பன்னிரண்டு இலக்க எண்ணும் பெற்றாள். எட்டாம் மாதத்தில் தம்பிக்கு மஞ்சட்காமாலை கண்டது. பார்த்துக்கொள்ள ஆளில்லையே என்று அவள் தாராவிக்குத் திரும்பி வந்தாள். வந்த பத்தாம் நாள் இரவு அவளுக்குத் தலை பிளந்தது; கண் மங்கியது; முகமும் காலும் வீங்கியிருந்தன. எங்கள் அன்னையார் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். "இது பித்தமில்லை, வண்டியைக் கூப்பிடு" என்றார். மணி பதினொன்று இருபது.

முதலில் சென்ற பிரசவ விடுதியில் மேசையருகே இருந்த பெண்மணி எங்கள் கையிலிருந்த தமிழ்ப் புத்தகத்தை இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்த்தார். அவரால் அதைப் படிக்க இயலவில்லை. இங்கே பெயர் பதியவில்லை, வேறு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மராத்தியில் சொன்னார். இரண்டாவது இடத்தில் படுக்கை இல்லை என்றனர். மூன்றாவது இடத்தில் உள்ளே ஏற்றுக்கொண்டபோது மணி இரண்டு பத்து. அழுத்தம் பார்த்தனர், பார்த்தவுடன் ஓடினர். ஊசி போட்டனர், விடியுமுன் அறுவை செய்தனர். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது. அந்த இரவில் பணிபுரிந்த மருத்துவரையும் செவிலியரையும் எங்கள் குடும்பம் உள்ளவரை மறக்கலாகாது.

ஆனால் அந்த மூன்று மணி நேரம் யாருடைய கணக்கு? அவள் தேறியபின் அதனைக் கேட்டோம். முதலில் கடிதம் எழுதினோம், பதில் இல்லை. பின்னர் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தோம். முதல் விடுதியிலிருந்து பதில் வந்தது. அத்தேதியில் அப்பெயருடைய நோயாளி எவரும் அங்கு வந்ததாகப் பதிவு இல்லை என்பதே அப்பதில். அது பொய் என்று சொல்வதற்கில்லை. பதிவேட்டின்படி அது மெய். உள்ளே சேர்த்தால்தான் பெயர் எழுதுவார்கள். வாயிலில் நின்று திரும்பியவளுக்குச் சீட்டும் இல்லை, பெயரும் இல்லை. இரண்டாவது இடம் தனியாருடையது; அங்கிருந்து பதிலே வரவில்லை. "படுக்கை இல்லாவிட்டால் போகட்டும், மதினி. கையில் பட்டையைக் கட்டி ஒரு தடவை பிரஷர் பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாமே" என்று அவள் இன்றும் சொல்லுவாள். அவள் கேட்பது பெரிய காரியமா?

இங்கேதான் நோயின் வேர் இருக்கின்றது. மருத்துவமனைக்குள் இறந்த தாய்க்கு ஏடு உண்டு, விசாரணையும் உண்டு. திருப்பி அனுப்பப்பட்டு, வழியிலோ வீட்டிலோ இறந்தவளுக்குச் சாவு ஒன்றே சான்று. அவள் எந்த வாயிலில் எவ்வளவு நேரம் நின்றாள் என்பதை எழுதிவைத்தவர் இல்லை. எழுத்து இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லை. ஊரில் ஒரு புத்தகம், நகரில் ஒரு புத்தகம் என்று இரு மாநிலங்களுக்கிடையே வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களின் பெண்கள், இவ்விரு புத்தகங்களுக்கும் இடையில் எளிதில் நழுவிவிடுகின்றனர்.

நீதிமன்றங்கள் இதனைக் காணாமல் இல்லை. 1992 ஜூலையில் மேற்கு வங்காளத்தில் ஓர் உழவுத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்றார். கல்கத்தாவின் அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றில் இடமில்லை என்று அலைக்கழிக்கப்பட்டு, இறுதியில் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிச் சிகிச்சை பெற்றார். 1996இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது. உரிய வேளையில் மருத்துவ உதவி மறுப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும். நிதியில்லை என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. இதுவே அதன் சாரம். அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடும் விதிக்கப்பட்டது. வந்த நோயாளியின் பெயர், வந்த நேரம், சேர்க்கப்பட்டாரா, எங்கு அனுப்பப்பட்டார் என்பன பதிவேட்டில் தெளிவாக எழுதப்படவேண்டும் என்று அதே விவகாரத்தில் அமைந்த விசாரணைக் குழு பரிந்துரைத்தது. எங்கள் வீட்டுப் பெண் கேட்ட அதே சீட்டுத்தான் அது!

தாய்மாரைப் பற்றியே எழுந்த வழக்கு தில்லியில் நடந்தது. வறுமையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் வயிற்றில் கரு இறந்துபோன நிலையில், கட்டணமின்றிச் சிகிச்சை பெறுவதற்குரிய அட்டை செல்லவில்லை என்று அவள் தடுக்கப்பட்டாள். நீதிமன்றத்தை நாடிய பின்னரே அவளுக்குச் சிகிச்சை கிடைத்தது. ஆனால் அவள் மீண்டும் கருவுற்று, 2010 ஜனவரியில் தக்க துணையின்றி வீட்டிலேயே பிரசவித்து இறந்தாள். மற்றொருத்தி வீடற்றவள்; வலிப்பு நோயும் உடையவள்; அவள் மரத்தடியில் பலர் காணப் பிள்ளை பெற்றாள். இவ்விரு வழக்குகளிலும் தில்லி உயர் நீதிமன்றம் 2010 ஜூன் 4ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. தீர்ப்பெழுதியவர் சென்னையில் வழக்கறிஞராய்த் தொழில் தொடங்கிய நீதிபதி முரளிதர். இறந்தவளின் குடும்பத்துக்கு 2,40,000 ரூபாயும், மரத்தடியில் பெற்றவளுக்கு 50,000 ரூபாயும் இழப்பீடாக விதிக்கப்பட்டன.

இழப்பீட்டைக் காட்டிலும் அத்தீர்ப்பின் கருத்தே நமக்குப் பெரிது. ஏழை என்பதை ஏழையே மெய்ப்பித்துக் காட்டவேண்டும் என்று அட்டைமேல் அட்டை கேட்பது, உதவிக்கும் அவளுக்கும் இடையே சுவர் எழுப்புவதாகும் என்று நீதிபதி கண்டித்தார். ஒரு மாநிலத்தில் பெற்ற உரிமை மற்றொரு மாநிலத்துக்குச் சென்றதும் அற்றுப்போகலாகாது. அது அவளுடனேயே செல்லவேண்டும் என்பதையும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த ஒவ்வொரு குடும்பமும் மனத்தில் பொறித்துக்கொள்ளவேண்டிய கருத்து இது. அடுத்த ஆண்டே, அதாவது 2011 ஜூனில், மத்திய அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அரசாங்க மருத்துவமனையில் பிரசவமும், அறுவையும், மருந்தும், சோதனையும், இரத்தமும், உணவும் கட்டணமின்றி அளிக்கப்படும். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கும் வண்டியும் இலவசம் என்பது அத்திட்டம். பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதாயின் வண்டியில் ஏற்றி அனுப்பவேண்டுமே அன்றி, வாயிலில் விரலை நீட்டி வழிகாட்டினால் போதாது.

இது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய வழக்கன்று. பிரேஜில் நாட்டில் 2002ஆம் ஆண்டில் 28 வயதுடைய கருநிறப் பெண் ஒருத்தி, ஆறு மாதக் கரு வயிற்றில் இறந்தபின் சிகிச்சை தாமதமாகி, மருத்துவமனை மாறுவதற்கு வண்டியின்றி மணிக்கணக்கில் காத்திருந்து உயிர் நீத்தாள். அவளுடைய தாயார் ஐக்கிய நாடுகள் சபையின் பெண்ணுரிமைக் குழுவினிடம் முறையிட்டார். 2011இல் அக்குழு பிரேஜில் அரசாங்கமே பொறுப்பாளி என்று தீர்த்தது. முதலில் சிகிச்சை அளித்தது தனியார் மருத்துவமனை என்ற வாதம் ஏற்கப்படவில்லை. தனியாரிடம் ஒப்படைத்தாலும் அரசாங்கத்தின் பொறுப்பு நீங்காது என்பது அத்தீர்ப்பின் கருத்து. ஒரு தாயின் சாவை மனித உரிமை மீறலாகக் கண்டு பன்னாட்டு அமைப்பு ஒன்று அளித்த முதல் தீர்ப்பு அதுவே.

நம் நகரின் நற்பணிகளையும் மறைத்தலாகாது. பரேலில் நௌரோஸ்ஜி வாடியா பிரசவ மருத்துவமனை 1926 முதல் தொண்டாற்றி வருகின்றது. சயானில் உள்ள லோகமான்ய திலகர் மருத்துவமனை 1947இல் தோன்றியது. தாராவி மக்களுக்கு அதுவே பெரும் புகலிடம். அதன் கிளையாகத் தாராவியில் இயங்கும் நிலையத்தை மக்கள் 'சோட்டா சயான்' என்றே அழைக்கின்றனர். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கிய டாக்டர் அர்மீதா பெர்னாண்டஸ் 1999இல் 'ஸ்நேஹா' என்னும் அமைப்பை நிறுவ, அது இன்றும் தாராவிச் சந்துகளில் தாய் சேய் நலம் பேணுகின்றது.

எனினும் இதே நகரில், 2024 ஏப்ரல் இறுதியில், பாண்டூப்பில் உள்ள நகராட்சிப் பிரசவ மருத்துவமனையில் ஓர் இளந்தாயும் அவள் குழந்தையும் இறந்தனர். மின்சாரம் தடைபட்டது, மாற்று மின்பொறி இயங்கவில்லை, கைப்பேசி விளக்கின் ஒளியில் அறுவை நடந்தது என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினர். நாட்டின் செல்வம் மிக்க நகராட்சி என்று பெயர் பெற்ற ஊரில், பிரசவ அறைக்கு விளக்கு உண்டா என்று வினவவேண்டிய நிலை வந்தது. அங்கும், இறந்தவளின் கணவர் வாய்திறந்து கேட்டதனாலேயே செய்தி வெளியே வந்தது, விசாரணையும் பிறந்தது.

பொறுப்புக் கேட்பது என்றால் மருத்துவரை அடிப்பது என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். அது பெருந்தீங்கு. 2022 மார்ச்சில் ராஜஸ்தானத்தின் தௌசா மாவட்டத்தில், பிரசவத்துக்குப்பின் உதிரப்போக்கினால் ஒரு தாய் இறக்க, கூட்டம் கூடி ஆர்ப்பரித்தது. பெண் மருத்துவர் மீது கொலைக் குற்றம் பதிவாயிற்று. அவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அச்சுறுத்தப்பட்ட மருத்துவர் அடுத்த முறை அபாயமான நோயாளியை ஏற்கத் தயங்குவார். "வேறிடம் போங்கள்" என்ற சொல்லே பெருகும். ஒருவர் தலையை உருட்டுவதால், இல்லாத இரத்தமும் எரியாத விளக்கும் வந்துவிடா.

அதற்கு உரிய வழி வேறு. இங்கிலாந்து நாட்டில் 1952 முதல் பேறுகாலச் சாவுகள் ஒவ்வொன்றையும் மருத்துவர் குழுவினர் கமுக்கமாக ஆராய்ந்து, எங்கே பிழை நேர்ந்தது என்று அறிக்கை வெளியிட்டு வருகின்றனர். நம் நாட்டில் இவ்வழியில் முன் நடந்தது தமிழ்நாடு. ஒவ்வொரு தாயின் சாவையும் கட்டாயமாக அறிவிக்கவும் ஆராயவும் 2004இல் அங்கு அரசாணை பிறந்தது. 2010இல் மத்திய அரசாங்கம் நாடு முழுமைக்கும் இம்முறைக்கு வழிகாட்டு நெறி வகுத்தது. மருத்துவமனையில் இறந்தாலும் வீட்டில் இறந்தாலும், சுகாதாரப் பணியாளர் இல்லம் தேடிச் சென்று நடந்ததைக் கேட்டு எழுதவேண்டும். மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வுக் கூட்டத்துக்கு இறந்தவளின் உறவினரை அழைத்து அவர்கள் வாய்மொழியைக் கேட்கவேண்டும். இது எவரையும் தண்டிப்பதற்கன்று. அடுத்த தாயைக் காப்பதற்கு. ஆனால் கூட்டத்துக்கு அழைப்பு உண்டு என்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. உறவினர் சொல்லாவிட்டால் ஏட்டில் இருப்பதே வரலாறு ஆகிவிடும்.

இனி நம் குடும்பங்கள் செய்யத்தக்கவற்றைச் சொல்வோம். ஊரில் பெயர் பதிந்த பெண் இங்கு வந்து ஒரு வாரமே தங்குவதாயினும், அருகிலுள்ள நகராட்சிச் சுகாதார நிலையத்திலும் பதிந்துகொள்ளட்டும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசாங்க நிலையங்களில் கருவுற்றவர்க்கு இலவசச் சோதனை நடைபெறுகின்றது. 2016இல் தொடங்கிய இவ்வசதியைக் கைவிடலாகாது. ஊர்ப் புத்தகத்தில் தமிழில் உள்ள இரத்த அளவு, அழுத்தம், எடை, முந்தைய பேற்றின் விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதி உடன் வைத்தல் நலம். வேறிடம் அனுப்பும் மருத்துவமனையிடம், காரணமும் நேரமும் குறித்த சீட்டை அமைதியாகக் கேட்டுப் பெறுதல் வேண்டும். சிகிச்சை ஏடுகளின் நகலை, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தரவேண்டும் என்று மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இதனைக் கேட்பது சண்டையன்று, உரிமை.

மொழியும் உயிர் காக்கும் கருவியே. வலியில் துடிக்கும் பெண் தமிழில் சொல்வது செவிலிக்கு விளங்காமற் போவதும், தனக்குப் படிக்கத் தெரியாத மொழியிலுள்ள தாளில் அவள் கைந்நாட்டு வைப்பதும் நாள்தோறும் நிகழ்வன. பிரசவ அறையில் அதட்டலும் கை ஓங்கலும் எதற்கும் மருந்தாக மாட்டா. மானத்தோடு பிள்ளை பெறுவதும் உரிமையே. பிரசவ அறைகளின் தரம் உயர்த்த மத்திய அரசாங்கம் 2017இல் வகுத்த 'லக்ஷ்யா' நெறி, தாய் விரும்பும் துணை ஒருத்தி உடனிருப்பதை ஏற்கின்றது. அத்துணை மராத்தியும் தமிழும் அறிந்தவளாயின் எவ்வளவு நலம்!

நம் சங்கங்கள் பொங்கல் விழா எடுக்கின்றன, பட்டிமன்றம் நடத்துகின்றன, மாணவர்க்குப் பரிசு தருகின்றன. இவற்றோடு இதுவும் ஒரு தமிழ்ப்பணியாகட்டும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களிலும், இரவென்றும் பகலென்றும் பாராமல் பேறுகாலப் பெண்ணுடன் துணைக்குச் செல்ல, மராத்தி பேசத் தெரிந்த சகோதரியர் சிலர் முன்வருவாராக. அவர்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் சங்கத்தில் இருக்கட்டும். அவர்கள் கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும்: எந்த வாயில், எத்தனை மணி, யார் என்ன சொன்னார். மருத்துவமனை எழுதாவிட்டால் நாம் எழுதுவோம். வளைகாப்பு நாளில் கை நிறைய வளையல் அடுக்கும் நாம், அந்தப் பெண்ணின் மடியில் இக்குறிப்பேட்டையும் வைத்து வாழ்த்துவோமாக.